பென் டிரைவில் வைத்த சீர்

அன்றைக்கு லோஹேகாவ் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். கடை திறந்த என் கூட்டாளி. அவன் மனைவி. அவளுடைய அண்ணன், விமானப்படையில் மெக்கானிக், அரை நாள் லீவு போட்டுவிட்டு யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். பூஜைக்கு வந்த பண்டிட்ஜி. கடையை வாடகைக்கு விட்ட மராத்திக்காரம்மா. ஆறாவது ஆள் நான்.

இப்படி விரல் விட்டு எண்ணுவதற்குக் காரணம் உண்டு. அதற்கப்புறம் எத்தனையோ தடவை இந்த ஆறு பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பழியில் ஒரு பங்கையாவது வேறு யார் தலையிலாவது போட முடியுமா என்று. பண்டிட்ஜிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மராத்திக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. விமானப்படைக்காரர் லட்டு தின்றுகொண்டிருந்தார். கூட்டாளிக்கும் அவன் மனைவிக்கும் பென் டிரைவுக்குள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. எங்கே சுற்றினாலும் ஆறாவது ஆளிடம்தான் வந்து நிற்கும்.

நான் பிம்ப்ரியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஆபரேட்டர். பேனர், பத்திரிகை, விசிட்டிங் கார்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் போடுவோம். இந்த மராத்தி ஊரில் தமிழில் அடிக்கத் தெரிந்த ஆட்கள் குறைவு. கட்கியில் இருந்தும் தேஹுரோடில் இருந்தும் தமிழ்க் குடும்பங்கள் என்னைத் தேடி வரும். அதைக் கேட்டுவிட்டு என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைக்க வேண்டாம். எனக்குப் படிப்பு எட்டாவதோடு முடிந்தது. அப்பா வேலை பார்த்த ஆயுதத் தொழிற்சாலையில் அவருக்குக் கை போனது. அந்த வருஷமே நான் அச்சகத்தில் காகிதம் அடுக்கப் போய்விட்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச் சொன்னால் வேகமாகத் தட்டுவேன். நாலு வரியைச் சேர்த்து வாசிக்கச் சொன்னால் உதடு அசையும். யாராவது பக்கத்தில் இருந்தால் வியர்க்கும்.

பயந்த சுபாவம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பேனரில் உள்ள போன் நம்பரை நாலு தடவை சரிபார்ப்பேன். ஷட்டரைப் பூட்டிவிட்டு ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். இத்தனை ஜாக்கிரதையான ஆள் செய்த காரியம்தான் இது.

எங்கள் தொழிலில் யாரும் ஃபாண்ட் காசு கொடுத்து வாங்கியது கிடையாது. ஃபாண்ட் என்றால் கம்ப்யூட்டரில் எழுத்தின் உருவம். குண்டாக, ஒல்லியாக, சாய்வாக, விதவிதமாக இருக்கும். அது உறைமோர் மாதிரி. பக்கத்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், நாமும் கேட்டால் கொடுக்க வேண்டும். புதிதாக ஒருவன் கடை திறந்தால், பழைய கடைக்காரன் தன்னிடம் உள்ள அத்தனை எழுத்தையும் ஒரு பென் டிரைவில் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, சிவப்புக் கயிறு சுற்றி, பூஜைத் தட்டில் தேங்காய் பக்கத்தில் வைப்பான். பிரிண்டரை ஆன் செய்வதற்கு முன்னால் அதைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தாய்மாமன் சீர் மாதிரி அது. இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று தெரியாது. எங்கள் வட்டாரத்தில் தமிழ்க்காரன், சிந்திக்காரன், மராத்திக்காரன் எல்லாரும் செய்கிறோம்.

இனி அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிக்டியில் இருக்கிறார். நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா அங்கே மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அந்த அம்மா ஒரு ஐ.டி. கம்பெனியில் டிசைன் வேலை செய்துகொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் உட்கார்ந்து எழுத்து வரைந்துகொண்டிருந்தார். தமிழும் இங்கிலீஷும் ஒரே முகமாக இருக்கிற எழுத்து. வட்டமும் கோடும்தான். கொம்பு இல்லை, பூ இல்லை, தடித்து மெலிகிற விளையாட்டு இல்லை. இங்கிலீஷ் ஓ என்றால் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம். தமிழ் ட என்றால் மூலைமட்டம்.

முதல் தடவை ஏ3 பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்தபோது நான் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"இதுல இன்னா மேடம் இருக்குது? எங்ககிட்ட இல்லாத எழுத்தா? பத்தாயிரம் கீது."

"பத்தாயிரத்துல ஒரு பக்கம் பூரா படிக்கிற மாதிரி தமிழ் எத்தனை இருக்கு அண்ணே?"

நான் யோசித்தேன். பேனருக்கு இருந்தது, கல்யாணத்துக்கு இருந்தது, கட்சிக்கு இருந்தது. படிப்பதற்கு என்று யோசித்ததே இல்லை.

"இத கொஞ்சம் வாசிங்களேன்" என்று ஒரு தாளை நீட்டினார். மாத்திரை அட்டையில் வருகிற மாதிரி விஷயம். காலை ஒன்று, இரவு ஒன்று, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

"கண்ணாடி எடுத்தாரல மேடம்" என்றேன். சட்டைப் பாக்கெட்டிலேயே கண்ணாடி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சிவப்புப் பென்சில்.

"இங்க ஏன் நின்னீங்க?"

"நிக்கலியே."

"நின்னீங்க அண்ணே. மூச்சு விட்டீங்க. நான் பாத்தேன்லா."

"நான் எட்டாவதுதான் மேடம். எனக்கு எல்லா எடத்துலயும்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை, அதனால் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "நல்லா படிச்சவங்க எதுல குடுத்தாலும் படிச்சிருவாங்க. அவங்கள வச்சு எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. நீங்க நிக்கிற இடம்தான் எனக்கு வேணும். உங்க கண்ணுல தப்பில்ல, என் கையிலதான் தப்பு" என்றார்.

அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. வாசிக்கத் தடுமாறுவதை நான் முப்பது வருஷமாக ஒளித்து வைத்திருந்தேன். அதற்கு ஒரு உபயோகம் இருக்கிறது என்றால் நம்ப முடியுமா? அதற்குப் பிறகு மாசத்துக்கு ஒரு தடவை அவர் திருத்திய எழுத்தோடு வருவார். மத்தியானம் கடை முதலாளி சேட் சாப்பிடப் போகிற நேரத்தில் நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வாசிப்பேன். நின்ற இடத்தில் எல்லாம் அவர் சிவப்புப் புள்ளி வைப்பார். அடுத்த மாசம் அந்த இடம் சரியாகியிருக்கும். ண-வின் சுழிகள் சின்ன அளவில் மை அடைத்துக்கொண்டன, அகலப்படுத்தினார். ழ-வும் மு-வும் தூரத்தில் ஒன்றாகத் தெரிந்தன. ழ-வின் வளைவை இறக்கினார். நான் ஒரு எழுத்தையும் வரையவில்லை. தடுமாறினேன், அவ்வளவுதான்.

ஆறாவது தடவை அவர் கொண்டுவந்த ஃபைல் எங்கள் பிரிண்டரில் சரியாக வரவில்லை. ஓரம் வெட்டியது. நான்தான், "ஃபாண்டையே நம்ம மிஷின்ல போட்டுருங்க மேடம், நான் சைஸ் பாத்து எடுத்துத் தரேன்" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்தார்.

"சோதனை முடிஞ்சதும் எடுத்துரணும் அண்ணே."

"எடுத்துருவேன்."

"சென்னையில ஒரு கம்பெனி பேசிட்டு இருக்கு. வீட்டுக்கு மருந்து அனுப்புத ஆப். இந்த எழுத்து அவங்களுக்கு மட்டும்தான் வேணுமாம், அஞ்சு வருஷத்துக்கு. கையெழுத்து ஆகுத வரைக்கும் ஒரு ஈ காக்காகிட்ட இது இருக்கக் கூடாது. ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம இருந்தது இதுக்குத்தான்."

"நீங்க சொல்லணுமா மேடம்" என்றேன். என் வாயாலேதான் சொன்னேன்.

அந்த ஆறாவது எழுத்தில் ஒரு கோளாறு இருந்தது. ர இருக்கிறதே, அதன் கீழே சாய்ந்து இறங்குகிற சின்ன வாலை அவர் வெட்டிவிட்டார். சுத்தமாக இருக்கட்டும் என்று. வாலை வெட்டினால் அது மா, தா என்று எழுதும்போது பக்கத்தில் போடுகிற துணைக்கால் மாதிரியே ஆகிவிடுகிறது. 'இரவு ஒன்று' என்ற இடத்தில் நான் மூன்று தடவை நின்றேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்குப் பாக்க அழகா இருந்துச்சு அண்ணே, படிக்கதுக்கு ஆகல" என்றார். ஏழாவதில் வால் திரும்ப வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஃபாண்டை எங்கள் மிஷினில் ஏற்றவில்லை. ஓரம் வெட்டாதபடி வீட்டிலேயே தயார் செய்த ஃபைலைத்தான் கொண்டுவந்தார். ஆக, வாலில்லாத ர உலகத்தில் இரண்டு இடத்தில்தான் இருந்தது. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று. என் மிஷினில் ஒன்று.

எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேனே, எடுக்கவில்லை. மறந்து போகவில்லை. எடுக்க மனசு வரவில்லை. மகள் பள்ளியில் இருந்து இங்கிலீஷில் நீள நீளமாக மெசேஜ் வரும். அதைக் கொண்டுவந்து அந்த எழுத்தில் ஒட்டி, கொஞ்சம் பெரிதாக்கிப் படிப்பேன். புரிந்தது. அந்த எழுத்தில் வரிகள் என்னை அவசரப்படுத்தவில்லை. அதற்கு ஒரு தனி ஃபோல்டர் போட்டேன். அதற்கு நான் வைத்த பெயர் 'நம்ம எழுத்து'.

அப்போதே அது திருட்டுதான். ஆனால் அப்போது அப்படித் தோன்றவில்லை.

என் கூட்டாளி பன்னிரண்டு வருஷம் எனக்குப் பக்கத்து மிஷினில் வேலை செய்தவன். அவனும் எங்கள் ஆரணிப் பக்கத்துக் குடும்பம். லோஹேகாவில் சொந்தமாகக் கடை போட்டான். சீர் செய்ய வேண்டியது நான்தான். முந்தின நாள் சாயங்காலம் என் மிஷினில் இருந்த மொத்த ஃபாண்ட் ஃபோல்டரையும் பென் டிரைவில் இழுத்துப் போட்டேன். மொத்தமாக இழுத்தால் 'நம்ம எழுத்து'ம் சேர்ந்து போகும். தெரியும். அங்கே போய் அதை மட்டும் தவிர்த்துவிட்டு ஏற்றலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இன்னாடா, வெறுங்கையா வந்துகிற?" என்று வாசலிலேயே பிடித்தான்.

"பாக்கெட்ல கீது. உன் மூஞ்சிக்கு இது போதும்."

"பன்னெண்டு வருசம் உன் பக்கத்துல குந்திகினு உன் பீடி நாத்தத்த தாங்குனேன். பிரிண்டரே குடுக்கணும் நீ."

அவன் மனைவி கயிற்றைப் பிரித்துக் கொடுத்தாள். பண்டிட்ஜி ஏதோ சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பென் டிரைவைச் செருகினேன். திரையில் ஃபோல்டர்கள் விரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, அது ஒன்றுதான் தமிழில் பெயர் வைத்தது, தனியாகத் தெரிந்தது.

"நம்ம எழுத்தா? இன்னாடா இது, புச்சா கீது?" என்று குனிந்தான்.

மவுஸ் அதன் மேல்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு போர் விமானம் கூரையை உரசுகிற மாதிரி போனது. விமானப்படைத் தளத்தை ஒட்டிய லோஹேகாவில் அது போகும்போது பேச்சு தானாக நிற்கும்; எல்லாரும் வாயைப் பாதி திறந்தபடி காத்திருப்பார்கள். எனக்கு யோசிக்கக் கிடைத்த நேரம் அதுதான். சத்தத்தில் குழம்பிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. குழம்பவில்லை. 'ஒரு ஈ காக்காகிட்ட' என்று அந்த அம்மா சொன்னது அப்படியே காதில் இருந்தது.

சத்தம் ஓய்ந்தது.

"யாரு பண்ணது?" என்று கூட்டாளி மறுபடியும் கேட்டான்.

"நம்ம கைபட்டதுதான்" என்றேன்.

"நீயா?"

"வரைஞ்சது வேற ஆளு. எங்க தப்பு கீதுன்னு பாத்துச் சொன்னது நானு."

லட்டு தின்றுகொண்டிருந்த விமானப்படைக்காரர் நிமிர்ந்தார். "எழுத்தெல்லாம் பண்ணுவீங்களா சார்?"

என்னை 'சார்' என்று யூனிஃபார்ம் போட்ட ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஏதோ நம்மால ஆனது" என்றேன். சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் காப்பி கொடுத்துவிட்டேன். கூட்டாளி அந்த எழுத்திலேயே 'வாங்க வாங்க' என்று அடித்துத் திரை நிறையப் பெரிதாக்கினான். "துணி போட்டுத் தொடச்சா மாதிரி கீதுடா" என்றான். மராத்திக்காரம்மா ஒன்றும் புரியாமலே கை தட்டினார்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே பயம் ஆரம்பித்துவிட்டது. போன் செய்து 'அதை மட்டும் அழிச்சுடுடா' என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் 'நம்ம கைபட்டது' என்ற பெருமை போய்விடும். லோஹேகாவில் தமிழ் பேனர் எத்தனை வரப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் அந்த அம்மா கடைக்கு வந்தார். கையில் தாள் இல்லை. சேட் சாப்பிடப் போயிருந்தார். அவர் ஸ்டூலில் உட்காரவில்லை. போனை என் கீபோர்டின் மேல் வைத்தார்.

ஒரு அம்மன் கோயில் பேனர். விமான நிலையம் போகிற ரோடு. யாரையோ ஏற்றிவிடப் போனவர் சிக்னலில் நின்றபோது படம் எடுத்திருக்கிறார். 'பக்தர்கள் அனைவரையும் வரவேற்கிறோம்.' எல்லா ர-வுக்கும் வாலில்லை.

"படிங்க அண்ணே" என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"ஆறாவதுல மட்டும்தான் இப்படி இருந்துச்சு. அது என் வீட்ட விட்டு ஒரு இடத்துக்குத்தான் போச்சு."

"மேடம், அது… மொத்தமா காப்பி பண்ணப்ப… தெரியாம போயிருக்கும்."

அவர் என்னையே பார்த்தார், நான் வாசிக்கும்போது பார்ப்பாரே, அதே மாதிரி. எந்த இடத்தில் நிற்கிறேன் என்று.

"சரி" என்றார்.

"சென்னைக்காரங்களுக்கு எப்டி மேடம் தெரியும்? லோஹேகாவ் கோயில் பேனர அவங்க எங்க பாக்கப் போறாங்க? நீங்க சொல்லாம வுட்டா ஒண்ணும் ஆவாது. நான் இன்னிக்கே போயி அழிச்சுட்டு வந்துர்றேன்."

"யாரும் வச்சிருக்கலன்னு நான் கையெழுத்துப் போடணும் அண்ணே" என்றார். "வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிப் போடுதது?"

அவ்வளவுதான் பேசினார். அன்றைக்கே கம்பெனிக்குப் படத்தோடு எழுதிவிட்டார். பத்து நாளில் அவர்கள் வேறு எழுத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த மாசம் அந்த அம்மா ஹிஞ்ஜவடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இதை அவர் சொல்லவில்லை, பிரிண்ட் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிற சாக்கில் நான் போன் செய்தபோது, "இப்ப பட்டன் வரையுதேன் அண்ணே. ஓகே, கேன்சல்" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

நான் எழுத்தைத் திரும்பப் பிடிக்கக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கடையாக. லோஹேகாவுக்குத்தான் முதலில் போனேன். அதற்குள் கூட்டாளி விஸ்ராந்த்வாடியில் கடை திறந்த ஒருவனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தான். அவன் இன்னும் மூன்று பேருக்கு. எல்லாம் என் பெயரைச் சொல்லித்தான் போயிருந்தது: பிம்ப்ரித் தமிழ்க்காரன் செய்த எழுத்து என்று.

இது விலைக்கு விற்கிற எழுத்து, நாம் வைத்திருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். "ஃபாண்டுக்குக் காசா?" என்றான் கூட்டாளி. "நாளைக்கு மூச்சு வுடறதுக்கும் மீட்டர் வெப்ப போல."

"காசு வாணாம்டா. அழிச்சுடு, போதும்."

"சீரு வெச்சுட்டு திருப்பிக் கேக்கற மொத ஆளு நீதான்டா."

அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "அண்ணா, பூஜையில வெச்சு ஏத்துனதுண்ணா. கடை இப்பதான் ரெண்டு காசு பாக்குது. அத எடுத்தா விளங்குமா? உங்க தங்கச்சி கடைன்னா எடுப்பீங்களா?"

என் கடையாக இருந்தால் நானும் எடுக்க விட்டிருக்க மாட்டேன். தட்டில் வைத்ததைத் திரும்ப எடுத்தால் கடைக்கு ஆகாது என்பதை நானும் நம்புகிறவன்தான். மற்ற கடைகளிலும் இதே கதை. கேலி செய்தவர்கள் உண்டு, உட்கார வைத்து வடாபாவ் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு, அழித்தவர்கள் ஒருவரும் இல்லை. எங்கள் சேட்டிடம் சொன்னேன். "ஃபாண்ட் கா பைசா? பாகல் ஹோ கயா க்யா?" என்று, எனக்குப் பைத்தியமா எனக் கேட்டு, மிஷின் பக்கம் கையைக் காட்டினார், போய் வேலையைப் பார் என்று. போகிற வழியெல்லாம் எண்ணினேன். எங்கள் கடையையும் சேர்த்துப் பதினாலு மிஷின். பைத்தியம் பிடித்த மாதிரி வழியில் தெரிகிற பேனரையெல்லாம் பார்த்தேன். சலூன், கோச்சிங் கிளாஸ், வாடகைக்கு வீடு. இங்கிலீஷில் அந்த வட்டமான ஓ எங்கே தெரிந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு காலை நிக்டிக்குப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து, "வாங்க அண்ணே" என்று உள்ளே விட்டார். சுவரில் பெரிய பெரிய எழுத்துகள் ஒட்டியிருந்தன. சில தாள்களில் என் சிவப்புப் புள்ளிகள். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

"தெரியாம போகலம்மா. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"தெரியும்" என்றார்.

"எப்டி?"

"அன்னைக்கு உங்க கடைக்கு வரதுக்கு முந்தியே உங்க கூட்டாளிக்கு நானே போன் பண்ணேன், கோயில் பேனர் யார் போட்டதுன்னு விசாரிச்சு. 'அது எங்க ஆளு பண்ண எழுத்து மேடம், பேரே நம்ம எழுத்து'ன்னாரு. மறந்துபோன ஃபைலுக்கு யாராவது பேரு வைப்பாங்களா அண்ணே?"

"அன்னிக்கு கடையிலயே ஏன்மா கேக்கல?"

"கேட்டேனே. படிங்கன்னு சொன்னேனே."

அழிக்க மாட்டேன் என்கிறார்கள், சீர் என்கிறார்கள், பூஜையில் வைத்தது என்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரை ஆன் செய்தார்.

"கம்பெனி போனது போயிட்டு. அத விடுங்க. ஆனா அந்த வாலில்லாத ர ஊர் பூரா நிக்குது பாத்தீங்களா, அத என்னால தாங்க முடியல. என் தப்ப நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க. அந்தத் தப்பையே கொண்டுபோய் ஊருக்குக் குடுத்துட்டீங்க."

இதற்கு அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன், பாதியாவது தீர்ந்திருக்கும்.

"பழச எடுக்க வேண்டாம். அதுக்கு மேலயே இத ஏத்துங்க" என்று ஒரு பென் டிரைவை நீட்டினார். ஒன்பதாவது எழுத்து, முடிந்தது. "அவங்க சீரும் இருக்கும், ர-வுக்கு வாலும் வந்துரும். ஆனா சும்மா தர மாட்டேன். ஒரு மிஷினுக்கு ஆயிரத்தைந்நூறு. பில் போட்டுத்தான் குடுப்பேன்."

"அவனுங்க குடுக்க மாட்டானுங்கம்மா."

"அது எனக்குத் தெரியாது. பில்லு யார் பேருக்குப் போட?"

என் பெயரைச் சொன்னேன். பதினாலு மிஷின், இருபத்தோராயிரம். அங்கேயே பிரிண்ட் எடுத்தார். அந்த எழுத்திலேயே அடித்த பில். முதல் வரியில் இருந்து கடைசி வரை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எங்கேயும் நிற்கவில்லை. அவர் கையில் பென்சில் இருந்தது, புள்ளி வைக்க இடம் கிடைக்கவில்லை.

அடுத்த நாலு ஞாயிறும் பதினாலு மிஷினிலும் ஏற்றிவிட்டேன். புது எழுத்து, இன்னும் நல்லது என்று மட்டும் சொன்னேன். காசைப் பற்றிப் பேசவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றினேன், அந்த அம்மா வைத்த பெயரே இப்போது இருக்கிறது. "நம்ம எழுத்து எங்கடா?" என்று கூட்டாளி கேட்டான். "அது நம்மது இல்லடா" என்றேன். நான் நடந்ததைச் சொல்ல, அவன் முழுசாகக் கேட்டான். கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவன் மனைவி அந்த வாரத்திலேயே என் போனுக்கு ஆயிரத்தைந்நூறு அனுப்பினாள், வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டாம் என்ற ஒரு வரியோடு. மற்ற யாரிடமும் நான் கேட்கவும் இல்லை.

நான் மாசம் ஆயிரத்தைந்நூறு கட்டுகிறேன். பணம் போய்ச் சேர்ந்ததா என்று மூன்று தடவை பார்ப்பேன். அந்த அம்மா 'வந்துவிட்டது' என்று மட்டும் பதில் போடுவார், கூட ஒரு வார்த்தை இருக்காது. வேலைக்குப் போகிற மெட்ரோவில் அந்தப் பில்லை எடுத்து, கட்டியதைப் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். என்னுடையது ஐந்து மாசம், கூட்டாளியின் மனைவி கொடுத்தது ஒன்று. பாக்கி பன்னிரண்டாயிரம் ரூபாய்.